அண்ணி ஒட்டிய சிவப்பு அம்பு

ஜீப்பின் முன் வலது சக்கரத்துக்கு மேலே, இரும்புச் சட்டத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறது. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இராது. குனிந்து பார்த்தால்தான் தெரியும். சேறும் மழையும் பட்டு இப்போது ரோஜா நிறத்துக்கு வெளிறிவிட்டது.

அண்ணி அப்போது பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தார். பழுதுள்ள மின்சுற்றுப் பலகைகளில் இத்தகைய அம்புகளை ஒட்டுவது அவர் வேலை. முனை காட்டும் இடத்தில் குறை இருக்கிறது; அதைச் சரிசெய்த பிறகே அம்பைப் பிரிக்கலாம். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. சூலியா தெருக் கடையொன்றில் தனக்கென்று ஓர் அம்பு ஸ்டிக்கர் சுருள் வாங்கி வைத்திருந்தார். நான் வேலை பார்க்கும் நாளிதழை அவர் படித்து முடித்த பிறகு எடுத்தால், எழுத்துப்பிழைகளுக்கு எதிரே அம்புகள் நிற்கும். பிழை திருத்துவதற்கென்றே எங்கள் அலுவலகத்தில் ஆள் உண்டு என்று ஒருமுறை சொன்னேன். "அப்படியா தம்பி? அவருக்கு அன்னைக்கு லீவு போல" என்றார்.

அண்ணியின் அப்பா இறந்ததும் பாலிக் புலாவில் அவருக்கிருந்த தோட்டம் பிள்ளைகளுக்குப் பிரிக்கப்பட்டது. சாலையோரச் சமநிலம் மற்றவர்களுக்குப் போனது. யாரும் கேட்காத மேல்சரிவு அண்ணிக்கு வந்தது. நல்ல டுரியான் பழ மரங்கள் அங்கேதான் இருந்தன. ஆனால் அங்கே போகும் செம்மண் பாதையில் அப்பாவின் பழைய ஜீப்பைப் போல நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் ஏறும். ஜீப்பை அண்ணியே எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். அவர் பெயருக்கு மாற்ற அது அரசுப் பரிசோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் ஜீப் பழைய இரும்புக் கடைக்கு, சரிவு குத்தகைக்கு. அவருடைய மூத்த சகோதரர் குத்தகைக்கு ஆளையே பார்த்து வைத்துவிட்டார்.

ஜீப்பை ஜார்ஜ் டவுனிலிருந்த எங்கள் வரிசை வீட்டின் வாசல் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினோம். கடற்காற்றும் தோட்டத்து ஈரமும் அதைத் தின்றிருந்தன. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கால்மிதியைத் தூக்கினால் கீழே சிமெண்டுத் தரை தெரிந்தது. சக்கர வளைவுகளின் விளிம்பு, விரலால் அழுத்தினால் அப்பளம் போல நொறுங்கியது. அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்த கையோடு, சுருளை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றத் தொடங்கினார். மாலையில் துறைமுகத்திலிருந்து வந்த அண்ணன் வாசலில் நின்று பார்த்தார். "என்ன லா இது, ஜீப்புக்கு அம்மை போட்டிருக்கு?"

அண்ணன் கண்டெய்னர் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டர். கடல் தாண்டிப் போகும் பெட்டிகளையே ஒட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்பது அவர் பேச்சு. பேச்சுக்கு ஏற்ற கை அவருக்கு இருந்தது. துருப்பிடித்த தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டுவார். அட்டையில் அளவெடுத்துப் புதுத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, மேட்டைத் தேய்த்துச் சமமாக்குவார். நான் விளக்குப் பிடித்தேன். அண்ணி வந்து விரல் முட்டியால் தட்டிக் கேட்பார். ஓசை பிடித்தால் அம்பைப் பிரிப்பார். பல அம்புகள் பிரியாமலே நின்றன. அண்ணன் முனகிக்கொண்டு மறுபடியும் வெட்டுவார்.

கதவுக்குக் கீழே ஓடும் பகுதி மட்டும் வழவழவென்று இருந்தது. அண்ணி அங்கே ஒரு காந்தத்தை வைத்தார். அது ஒட்டாமல் விழுந்தது. அண்ணன் வெட்டித் திறந்தபோது உள்ளே இரும்பே இல்லை. கசக்கித் திணித்த செய்தித்தாள், அதன்மேல் பட்டி, அதன்மேல் பெயிண்ட். வெளியே இழுத்த தாள் எங்கள் நாளிதழ்தான். பாதி கரைந்துபோன ஒரு கல்யாண விளம்பரம் படிக்கும்படி இருந்தது. "உங்க பேப்பர் எதையாவது தாங்கிப் பிடிச்சிருக்கே தம்பி, சந்தோஷப்படுங்க" என்றார் அண்ணி. சிரித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அவருடைய அப்பா அந்த ஜீப்பில் வேறு யாரையும் கைவைக்க விட்டதில்லை. அண்ணி சிறிது நேரம் அந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு ஓர் அம்பைக் கிழித்து ஒட்டி, "அப்பாவும் ரிஜெக்ட்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அண்ணி கவனிக்காத ஒரு துருவையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது இதற்குள் அண்ணனின் ஆசையாகிவிட்டது. பரிசோதனைக்கு முந்தின வாரம் முன் சக்கரத்தைக் கழற்றியவர், சட்டத்தின்மேல் அடை அடையாகத் துரு நிற்பதைக் கண்டார். அங்கே அம்பு இல்லை. "இந்தா, உன் அண்ணி இதை விட்டுட்டா" என்று என்னிடம் சொல்லி, முகமெல்லாம் மலர இரும்பு தேய்க்கும் கிரைண்டரை எடுத்து அதன்மேல் வைத்தார். சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்த அண்ணி பிளக்கைப் பிடுங்கினார். அந்தத் துருவுக்கு அடியில்தான் வண்டியின் சேஸிஸ் எண் பொறித்திருந்தது. பெயர் மாற்றத்துக்கு அந்த எண் தெளிவாக இருக்க வேண்டும். பழைய பல்துலக்கியும் மண்ணெண்ணெயும் கொண்டு கடைசியில் தானே மெதுவாகத் துடைக்கலாம் என்றே அண்ணி அங்கே அம்பு ஒட்டாமல் விட்டுவைத்திருந்தார். துடைத்துப் பார்த்தோம். கடைசி இலக்கத்தின் இடப்பக்கம் மழுங்கியிருந்தது. அந்த எட்டு இப்போது மூன்று போலத் தெரிந்தது.

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். எண் குத்துகிற ஆள் ஒருவரைத் தனக்குத் தெரியும், வெளியே தெரியாமல் முடித்துவிடலாம் என்றார். அண்ணி குரலை உயர்த்தவில்லை. "சொல்லாம விட்டது என் தப்பு. கேக்காம தேய்ச்சது உங்க தப்பு. ஆனா திருட்டு நம்பர் குத்தி என் பேருக்கு வந்தா, அது என் ஜீப்பா?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்பை ஒட்டினார்.

பரிசோதனை நிலையத்தில் இருந்தவர் ஓர் இளம் மலாய் அதிகாரி. தரையையும் கதவடியையும் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். சக்கரத்தருகே டார்ச்சோடு குனிந்தவர் அம்பைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். கணவர் தவறுதலாக அங்கே கிரைண்டர் வைத்துவிட்டார் என்று அண்ணி மலாயில் சொன்னார். அதிகாரி அண்ணனைப் பார்த்தார். உடல்கூடு தேறியது, எண்ணை மட்டும் மேற்கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அதைப் படமெடுத்துக்கொண்டார். நாங்கள் புறப்படும்போது ஓடிவந்து, அந்த அம்பில் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். அண்ணி ஒரு முழம் கிழித்துக் கொடுத்தார்.

முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. மேல்சரிவில் டுரியான் பூ பிஞ்சாகிவிட்டது. குத்தகைக்காரர் வந்து மரங்களைப் பார்த்துவிட்டும் போனார். யாருக்கென்று தெரியாத ஜீப்புக்கு எதற்குப் பெயிண்ட் என்று அண்ணன் கேட்டார். "எனக்குத்தான்" என்று அண்ணி பச்சைப் பெயிண்டை அடித்து முடித்தார். பழைய பதிவேடுகளோடு எண் ஒத்துப்போனது. ஜீப் அவர் பெயருக்கு வந்தது.

இப்போது அண்ணி தொழிற்சாலையை விட்டுவிட்டார், தோட்டம்தான் வேலை. இந்தப் பருவத்தில் பழம் இறக்கப் போயிருந்தபோது, ஜீப்பின் பின்கதவுக் கீலுக்கு அடியில் ஒரு புது அம்பைப் பார்த்தேன். அண்ணன் ஒட்டியது. அண்ணி குனிந்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பழுப்புத் தூள் உதிர்ந்தது. போய் உப்புத்தாளோடு வந்தார்.

தேய்த்து, பெயிண்ட் வைத்து, அது காய்ந்ததும் அம்பைப் பிரிப்பதை அண்ணனுக்கே விட்டார். அண்ணன் பிரித்தார், எங்கே போடுவதென்று தெரியாமல் விரல் நுனியில் வைத்துக்கொண்டு நின்றார். முன் சக்கரத்துக்கு மேலே இருப்பதை மட்டும் யாரும் பிரிப்பதில்லை. அந்த எட்டு இன்னும் மூன்று போலத்தான் இருக்கிறது.