மூன்றாவது கை

என் பெரியம்மா சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கிறவள். வேலை முடிந்ததும் கையெழுத்துத் தாள் செருகிய ஒரு அட்டையும் பேனாவுமாகக் கிளம்பிவிடுவாள். குடியிருப்பவர்களைத் திடீரென்று காலி செய்யச் சொல்லக் கூடாது, நினைத்தபோதெல்லாம் வாடகையை ஏற்றக் கூடாது என்று ஒரு சட்டம் கேட்டுப் போராடும் சங்கத்துக்காக ஆறு வருடம் கையெழுத்து வாங்கினாள். யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால் பதிலுக்கு இவள் அட்டையை நீட்டுவாள் என்று பெரியப்பா கிண்டல் செய்வார்.

முதல் கையெழுத்து, பெரியம்மா இருக்கும் கட்டடத்திலேயே மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் இஸ்திரிக்கார அக்காவுடையது. வாடகை ஒப்பந்தம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட அவளிடம் கிடையாது. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

போன மாதம் சங்கச் செயலாளர் ஐந்து பேர் குழுவைக் கூட்டினார். பெரியம்மாவும் அதில் ஒருத்தி. எழுத்து ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டால் மசோதா உடனே நிறைவேறும், இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருடமோ என்றார். சம்மதம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். இரண்டு கைகள் உயர்ந்தன. பெரியம்மா மேசையைப் பார்த்துக்கொண்டே மூன்றாவதாகத் தூக்கினாள். அவள் வீட்டுக்கு ஒப்பந்தம் இருக்கிறது.

சட்டம் வந்துவிட்டது. இனி யாரும் தன்னைக் காலி செய்யச் சொல்ல முடியாது என்று இஸ்திரிக்கார அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியம்மா வீட்டுத் துணிக்கு அன்று காசே வாங்கவில்லை. அந்தத் துணி மூட்டையைப் பெரியம்மா இரண்டு நாள் பிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்களிடம் குழுவின் முடிவு என்று பொதுவாகச் சொல்லிவிடும்படி செயலாளர் போனில் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை பெரியம்மா கீழே இறங்கிப் போனாள். நானும் கூடப் போனேன்.

“அந்தச் சட்டம் உனக்கு இல்லம்மா. எழுதி வாங்கினவங்களுக்கு மட்டும்தான்.”

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். யார் இப்படிச் செய்தது என்று கேட்டாள்.

“அஞ்சு பேர்ல மூணு பேர். மூணாவது கை என்னோடது.”

“உங்ககிட்ட எழுத்து இருக்குல்லக்கா?”

“இருக்கு.”

“அதானே பார்த்தேன்.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அக்கா பாதியில் நின்ற சட்டையைத் தேய்த்து, மடித்து, அடுக்கினாள். பிறகு, தான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், மற்ற வீடுகளுக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றாள்.

அன்றிலிருந்து பெரியம்மா பழைய கையெழுத்துத் தாள்களை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறாள். பொதுவாகச் சொல்வதில்லை. தூக்கியது தன் கை என்பதையும் சேர்த்தே சொல்கிறாள். ஒரு வீட்டில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில், கையெழுத்து வாங்கிப் பழகிய கை அல்லவா, இனி பதில் கொடுக்கவும் பழகட்டும் என்று காது படப் பேசினார்கள். நேற்று ஒரு வாட்ச்மேன் மட்டும் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார்.

“சரிம்மா, அப்போ எங்களுக்கு எப்போ?”

தெரியவில்லை என்றாள் பெரியம்மா. அவர் பரவாயில்லை என்றார். அவள் அடுத்த வீட்டின் தாளை மேலே எடுத்து வைத்துக்கொண்டு எழுந்தாள்.