மூன்றாவது படி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்தேன். கோபித்துக்கொண்டு அல்ல — கோபிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

மும்பையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் எங்கள் ஊர்க்காரர்களின் சங்கக் கட்டடம் இருக்கிறது. பழைய கட்டடம். வாசலில் ஏழு கருங்கல் படிகள். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் வந்த கற்கள். நன்கொடை கொடுத்தவர்கள், தங்கள் பெயரைச் சுவரில் வேண்டாம், படியில் வெட்டுங்கள் என்றார்களாம். வருகிறவர் போகிறவர் கால் படட்டும் என்ற பணிவு!

மூன்றாவது படியில் இருப்பது சண்முகம் அண்ணாச்சியின் அப்பா பெயர். அண்ணாச்சி தாராவியில் டிரங்குப் பெட்டிப் பட்டறை வைத்திருக்கிறார். லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து இரண்டு காலும் போய்விட்டன. சக்கர நாற்காலிதான். மகள் கல்யாணத்தைச் சங்கத்தில் வைத்தார். தாரை வார்த்துக் கொடுக்க மேலே போக வேண்டுமே... படிகளின் ஓரமாகச் சரிவுப் பலகை போடச் சொல்லிக் கமிட்டியிடம் வந்தார்.

"பலகை நழுவாம இருக்க கல்லுல ஆணி அடிக்கணும் அண்ணாச்சி. பழைய கல்லு, பேரெல்லாம் சிதைஞ்சிரும்" என்றார் செக்ரட்டரி.

"எங்கப்பா பேருதானே வே? நான் சொல்லுதேன், அடிங்க."

"உங்க அப்பா பேரைத்தான் நாங்க காப்பாத்துதோம். நாலு பயலுவ உங்களைத் தூக்கிட்டுப் போவானுவ. ராஜா மாதிரி!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நானும் கமிட்டியில் ஒருவன். பேச வாயைத் திறந்தேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்...

"காபி ஆறுது" என்றேன்.

முகூர்த்த நேரம். "சலோ, உட்டாவ்!" என்று நான்கு பேர் நாற்காலியைத் தூக்கினார்கள். மூன்றாவது படியில் ஒருவனுக்குக் கால் சறுக்கியது. அண்ணாச்சி பட்டு வேட்டியோடு உருண்டார். இரும்புச் சக்கரம் இடித்து, அவர் அப்பா பெயரில் ஓர் எழுத்து பெயர்ந்தது.

நல்ல நேரம் யாருக்காகக் காத்திருக்கும்? அவருடைய தம்பி தாரை வார்த்தார். அண்ணாச்சி நெற்றியில் ஈரத்துணியோடு கீழே வாசலில் உட்கார்ந்து கெட்டிமேளம் கேட்டார்.

பக்கத்தில் நின்ற என்னிடம், "மேல போங்க, பந்தி போட்டுருவாங்க. உங்களுக்குத்தான் கால் இருக்கே" என்றார்.

நேற்று கமிட்டி கூடியது. கல் உடைந்ததில் எல்லோருக்கும் வருத்தம். கல்லுக்குத்தான். இன்று காலை வாசலில் ஓர் அறிவிப்பு: 'பழமையான படிகள். சக்கர நாற்காலி ஏற்றக் கூடாது.' தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அந்த அறிவிப்புப் பலகை ஆடாமல் நிற்க, முதல் படிக் கல்லில் நான்கு ஆணி அடித்திருக்கிறார்கள்.