தொங்கும்போது முறுக்கிய போல்ட்

ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்தில் வளைகாப்பு. வெள்ளிக்கிழமை காலையில், வளையல் போட்டுக்கொள்ள வேண்டிய ஷோபனா என் ஷெட் வாசலில் காருக்கு வெளியே நின்றுகொண்டு, "இந்த வண்டில நான் ஏற மாட்டேன். பஸ்ல போறேன்" என்றாள். ஏழு மாதக் கர்ப்பிணி. அந்த வண்டிக்குப் புது சஸ்பென்ஷன் போட்டவன் நான். சத்தம் போட்டது கார், பயந்தது நான்.

தங்கச்சுரங்க ஊரில், மைசூர் மைன்ஸ் பக்கம் கார் ரிப்பேர் ஷெட் வைத்திருக்கிறேன். நான் பயந்த கதையைச் சொன்னால் இப்போது தொழில் கற்கிறவர்களுக்குக் கொஞ்சம் உதவும், கொஞ்சம் சிரிப்பும் வரும்.

1. வாங்கும்போது

ஷோபனாவின் கணவன் நவீன், தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவன். காரின் பழைய ஷாக் அப்சார்பர் ஆயில் கக்கிவிட்டது. அட்ஜஸ்டபிள் செட் போட வேண்டும் என்று ஃபோனில் படம் காட்டினான்.

"அண்ணா, இதுல முப்பத்திரண்டு கிளிக் கீது. ஹார்ட் வேணும்னா ஹார்ட், சாஃப்ட் வேணும்னா சாஃப்ட்."

"நம்ம ஊர் ஸ்பீடு ஹம்ப்புக்கு எத்தினியாவது கிளிக்குன்னு போட்டுக்கீறானா?"

நான் அதுவரை அந்த மாதிரி செட் போட்டதில்லை. கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டேன். ஷாக்கின் தலையில் இருக்கும் குமிழ், வண்டியின் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்க வேண்டும் என்பதற்கு. நடுவில் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையம். அடியில் இன்னொரு மரை, வண்டியின் உயரத்துக்கு. மலிவு செட்டில் அடி மரை இருக்காது. ஸ்பிரிங்கைத் தளர்த்தித்தான் வண்டியை இறக்க முடியும். அதிகம் தளர்த்திவிட்டால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டு ஆடி அடிக்கும். அதனால் உயரத்துக்குத் தனி மரை உள்ள செட்டையே வாங்கச் சொன்னேன். நவீன் ரெண்டு இன்ச் இறக்கச் சொன்னான். "இறக்கினா ஆயில் சேம்பர்தான் ரோட்டைப் பெருக்கும்" என்று சொல்லி ஒரு இன்ச்சுக்குள் நிறுத்தினேன்.

போட்டு முடித்தேன். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்களும் வெடித்திருந்தன. அவற்றையும் மாற்றினேன்.

2. கிர்ர்க்

முதல் ஹம்ப்பிலேயே சத்தம் ஆரம்பித்துவிட்டது.

"அண்ணா, கட்டில் காலு ஒடையறாப்பல சத்தம் வருது" என்றாள் ஷோபனா.

"புது பார்ட்டுமா, போகப்போக செட்டாவும்" என்றான் நவீன்.

"அதுக்கு செட்டாவும். எனக்கு ஆவாது."

நான் முகத்தில் எதையும் காட்டவில்லை. உள்ளே மட்டும் ஷாக் ராடு பானெட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிற காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. குமிழை முழு சாஃப்ட்டில் வைத்தேன். கிர்ர்க். முழு ஹார்டில் வைத்தேன். கிர்ர்க், கூடவே என் இடுப்பும். ஜாக்கியில் தூக்கி மேல் மவுண்ட் நட்டை முறுக்கினேன், கிரீஸ் அப்பினேன், இறக்கினேன். மறுபடியும் தூக்கினேன். சத்தம் எங்கே என்று கண்டுபிடிக்க, முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் குப்புறப் படுத்து, தரையில் காதை வைத்துக்கொண்டு நவீனை ராபர்ட்சன்பேட்டை வரை ஓட்டச் சொன்னேன். டீக்கடையில் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, மெக்கானிக்க கடத்தினு போறீங்களா?" என்றார். சத்தம் நாலு பக்கத்திலிருந்தும் வருவதாகத்தான் என் காது சொன்னது. பயந்தவன் காதை நம்பக்கூடாது.

சனிக்கிழமை காலையில் இன்னொரு தடவை தூக்கி இறக்கிவிட்டு, ஷோபனாவைக் கெஞ்சி ஒருமுறை உட்காரச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறியவள் முகம் சுளித்தாள்.

"நேத்து சாயங்காலம் வீட்டாண்ட சும்மா உக்காந்து பாத்தேன். அப்ப கீழ எறங்கி உக்காந்தேன். இப்ப மேல ஏறி உக்கார்றேன். வண்டி வளருதா அண்ணா?"

முதலில் சிரித்தேன். பிறகுதான் டேப்பை எடுத்தேன். சக்கர நடுவிலிருந்து அதற்கு மேலே இருக்கும் ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தால், நான் வைத்த உயரத்தைவிட வண்டி தூக்கலாக நின்றது. நவீன் ஒரு ரவுண்டு ஓட்டிவந்த பிறகு அளந்தேன். கொஞ்சம் இறங்கியிருந்தது. வளையமும் மரையும் இம்மிகூட நகரவில்லை. அப்படியென்றால் ஸ்பிரிங் தவிர வேறு ஏதோ ஒன்று வண்டியைத் தாங்குகிறது.

3. குழி

எங்கள் ஊரில் ஸ்பேனர் பிடித்தவர்களில் பாதிப்பேர் சுரங்கத்துப் பட்டறை வழி வந்தவர்கள். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜ் தொங்கிய ஊர் இது. தொங்கும் எதையும், கீழே இறக்குவதற்கு முன்பே கடைசி மரைவரை முறுக்கிவிட வேண்டும். இதை எனக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை, கை அதுவாகவே செய்யும். காரிலும் செய்தது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே புது புஷ்களின் போல்ட்டுகளை முழு பலத்தோடு முறுக்கிவிட்டேன்.

புஷ்ஷின் நடுக்குழாயைப் போல்ட் அந்த நிலையிலேயே கவ்விவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே எழும், ரப்பர் துணி பிழிகிற மாதிரி முறுகும். முறுகிய ரப்பர் வண்டியை மேலே தள்ளும், ஹம்ப்பில் கத்தும். ஒவ்வொரு முறை நான் ஜாக்கியில் தூக்கியபோதும் ரப்பர் முறுக்கு விட்டு மூச்சு வாங்கிக்கொண்டு, இறக்கியதும் மறுபடி வண்டியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. வைத்தியம் பார்க்கிறேன் என்று நானே வண்டியை வளர்த்திருக்கிறேன்.

நாலு சக்கரமும் தரையில் நிற்க, வண்டியைக் குழி மேல் நிறுத்திக் கீழே இறங்கினேன். போல்ட்டைத் தளர்த்தியதும் 'டப்' என்று வண்டி உட்கார்ந்தது.

"ஐயோ அண்ணா, நான் உள்ள கீறேன்!"

"அப்டியே உக்காரும்மா. உன் வெயிட்டும் வேணும்."

"ரெண்டு பேர் வெயிட்டா கணக்கு வெச்சிக்கோங்க."

டார்ச் அடித்துப் பார்த்தேன். ரப்பர் கிழியவில்லை. வண்டி தன் எடையில் நின்றபடியே போல்ட்டை முறுக்கினேன். உயரத்தை மறுபடி சரிசெய்து, குமிழை சாஃப்ட் பக்கம் வைத்து, அலைன்மென்ட்டும் பார்த்தோம். பிறகு அதே ஹம்ப். சத்தமே இல்லை. இன்னொரு ஹம்ப். நவீன் மூச்சை விட்டான். ஷோபனா விடவில்லை.

"சரி, வர்றேன். வழில சத்தம் வந்தா அங்கயே எறங்கிக்குவேன்."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பினார்கள். வேலை முடிந்தது, நான் வீட்டில் இருந்திருக்கலாம். குடியாத்தம் போகும் வி.கோட்டா ரோட்டில் என் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒவ்வொரு ஹம்ப்பிலும் அவர்கள் ஏறினார்கள், நான் கண்ணை மூடினேன். திடீரென்று கார் ஓரமாக நின்றது. கண்ணாடி இறங்கியது.

"அண்ணா, சத்தம் வருது."

பைக்கை அணைக்காமலே கதவோரம் நிறுத்தினேன். "எங்கம்மா? முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி. ரொம்பப் பின்னாடி. உங்க பைக்ல."

குனிந்து பார்த்தேன். செயின் கவர் ஒரே போல்ட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ஷோபனா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள், கார் குடியாத்தத்துக்குப் போய்விட்டது. ரோட்டோரம் உட்கார்ந்து செயின் கவரைக் கம்பியால் கட்டினேன். அன்றிலிருந்து, வந்த வண்டியில் சத்தம் தேடும்போது முதலில் என் வண்டியை அணைத்துவிடுகிறேன்.