விரதப் பால்

அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும் நான் வேண்டிக்கொண்டேன். அது கெட்ட கட்டியாக இருக்கக்கூடாது, பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று. நாங்கள் வளர்ந்த பழைய ரப்பர் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரமும் இல்லை, வீடுகளும் இல்லை. எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவே முருகன் கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழா என்றால் கமுந்திங், தஞ்சோங் மாலிம் என்று வெளியூர்களுக்குப் போன சனமெல்லாம் காரைப் போட்டுக்கொண்டு வந்துவிடும்.

விரதம் ஆரம்பித்தேன், வயிற்றுவலியும் ஆரம்பித்தது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி தொப்புளைச் சுற்றி முறுக்கும். விட்டுவிடும். நிம்மதியாக மூச்சு விட்டால் மறுபடி பிடிக்கும். ஈப்போவில் நான் வேலை பார்க்கும் பேரங்காடிக் கல்லாவில் நின்றபடி பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

"காத்து லா, வேற ஒன்னும் இல்ல," என்று என் கணவர் தைலத்தை எடுத்தார். அந்த வாடையில் எனக்குத் தலைவலியும் சேர்ந்துகொண்டது. மாமியார் குடலேற்றம் என்றார். விளக்கெண்ணெய் தடவி அவர் வயிற்றை நீவியதில் இருந்த உயிரும் போய் வந்தது.

அக்கா மட்டும்தான் தினமும் வந்தாள். சோதனை முடிவுக்குக் காத்திருக்கிறவள் அவள். அவளுக்கு நான் ஆறுதல் சொல்லவேண்டிய நேரத்தில், அவள் எனக்குப் பால் காய்ச்சினாள்.

"வெறும் வயித்துல இருந்தா கேஸ்ட்ரிக் வராம என்ன செய்யும்? இன்னொரு கப் குடி."

குடித்தேன். விரதத்தில் பாலும் பழமும்தானே ஆகாரம்.

எனக்குள் ஓடியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாமி என் வேண்டுதலை ஏற்கவில்லையோ? அக்காவுக்கு ஏதோ நடக்கப்போவதைத்தான் என் வயிறு சொல்கிறதோ? படித்தவள்தான் நான். இருந்தாலும் பயம் வந்தால் படிப்பு எங்கே நிற்கிறது?

கடைசியில் கிளினிக்குக்குப் போனேன். பெண் டாக்டர் என் வயிற்றை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை என்றார்.

"புதுசா என்ன சாப்பிடுறீங்க?"

"ஒன்னுமே சாப்பிடல டாக்டர். பால்தான்."

"முன்னாடி பால் குடிப்பீங்களா?"

யோசித்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பால் சேர்க்காத தே ஓதான்.

"சில பேருக்குப் பால் ஒத்துக்காது. நிறுத்திப் பாருங்க. கவலை இருந்தாலும் வயிறு இப்படி இழுக்கும்."

சாமிக்கு எடுக்கிற பாலா எனக்கு ஒத்துக்காது? மனசு கேட்கவில்லை. ஆனாலும் நிறுத்தினேன். அன்று மாலையே அக்கா போன் செய்தாள். கட்டி சாதாரணக் கட்டிதானாம். போனைப் பிடித்தபடி அழுதேன். அதற்குப் பிறகு வலி வரவில்லை.

குழப்பம் மட்டும் போகவில்லை. பாலை நிறுத்தியதால் போனதா, கவலை தீர்ந்ததால் போனதா, இல்லை முருகன்தான் மனம் இரங்கினானா? நாளைக்கு மறுபடி வலித்தால் நான் எதை நினைத்துப் பயப்படுவது?

உத்திரத்தன்று பால்குடம் இறக்கினேன். அபிஷேகம் முடிந்ததும் அக்கா ஒரு பெரிய டம்ளர் பிரசாதப் பாலோடு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"எனக்காக வேண்டிக்கிட்டியே, என் நோவு உனக்கு மாறிருச்சோன்னு பயந்துட்டேன் டி. அதான் தினம் பால் காய்ச்சிக் கொடுத்தேன்."

பால்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னதை அவளிடம் எப்படிச் சொல்வது? வாங்கி முழுதையும் குடித்தேன்.

திரும்பும் வழியில், என் கணவர் ஓட்டிய கார் பத்து காஜா ஊரைத் தாண்டும்போது வயிறு பிடித்தது. அதே முறுக்கு. அக்கா நன்றாக இருக்கிறாள், எனக்கு ஒரு கவலையும் இல்லை. அப்படியென்றால் பால்தான், வெறும் பால்.

"வலிக்குதுக்கா," என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வலிக்குதுன்னு சொல்லிட்டு எதுக்கு டி சிரிக்கிற?" என்று அக்கா பதறிப்போய் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.