வீரனுக்கு வெந்தது ஆகாது

1. சித்தப்பா ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தார்.
2. அதற்குப் பச்சைக் குடலை மட்டுமே தின்னக் கொடுத்தார்.
3. குட்டிக்கு வயிற்றுப்போக்கு கண்டது.
4. வெந்த எதையும் தின்ன மாட்டேன் என்று நான் உட்கார்ந்துவிட்டேன்.
5. அம்மா கஞ்சி வைத்தாள்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை எப்போதும் நாலில்தான் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் நான் வீம்பு பிடித்த பிள்ளை. ஒன்றிலிருந்து சொன்னால் கதை வேறு.

குற்றாலத்து மலையடிவாரத்தில் சித்தப்பா மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்தார். பன்றிகள் இறங்கிவந்து தோண்டித் தின்றன. காவலுக்கு வளர்க்கத்தான் அந்தக் குட்டி. தீயில் வெந்ததைத் தின்றால் நாய்க்கு ரோஷம் போய்விடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். யார் என்று அவருக்கே நினைவில்லை. கறிக்கடையிலிருந்து ஆட்டுக்குடலைத் தேக்கிலையில் பொதிந்து கொண்டுவந்து, கழுவாமல் அப்படியே போடுவார். வீரன் என்று பெயர் வேறு. வீரனுடைய தலை என் உள்ளங்கைக்குள் அடங்கும்.

அது சாரல் காலம். தென்காசியில் எங்கள் வீடு நிறைய விருந்தாளிகள். வண்டி கட்டிக்கொண்டு அருவிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். கொடியில் காயாத சேலைகள். அவற்றுக்குக் கீழே வீரன் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தான். பிறகு ரத்தமும் தெரிந்தது. அம்மாவிடம் அவனுக்குக் கொஞ்சம் கஞ்சி கேட்டேன். சித்தப்பா குறுக்கே வந்துவிட்டார்.

“கஞ்சிய நக்கிட்டா அது பூனைதான். தாங்குச்சின்னா நாய், தாங்கலைன்னா போவட்டும்.”

மறுநாள் வீரன் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டதற்கு வாலை மட்டும் லேசாக அசைத்தான். மத்தியானம் பந்தியில் என் இலையை மடித்துவிட்டு, அடுக்களையிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்துவந்து, எல்லோரும் பார்க்கக் கடித்தேன்.

“ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?” என்றாள் திருவேங்கடத்திலிருந்து வந்திருந்த அத்தை.

“வீரனுக்கு வெந்தது கிடையாதுல்லா? அப்போ எனக்கும் வேண்டாம்.”

சித்தப்பா சிரித்தார். “தின்னட்டும், தின்னட்டும். இவளையே பன்னிக்காவலுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்.”

பந்தி முழுவதும் சிரித்தது. மாவாட்ட ஊறப்போட்டிருந்த அரிசியையும் அள்ளித் தின்றேன். வேகாத கத்தரிக்காய் நாக்கை அரிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. விளக்கு வைப்பதற்குள் என் வயிறும் வீரன் வயிறாகிவிட்டது.

அத்தை தன் தம்பியான சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டாள். “ஏலே, நாய்தான் கெடக்குன்னா பிள்ளையையுமா கொல்லப் பாக்கே? நான் ஊருக்குப் போயி என்னன்னு சொல்லுவேன்?”

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குப் போய்விட்டார். தலையில் தண்ணீர் விழுகிற இடத்தில் யார் பேசுவதும் கேட்காது.

அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். ஈரவிறகை ஊதி ஊதிக் கண் சிவந்து கஞ்சி வைத்தாள். பிள்ளைக்கு என்று எல்லோரிடமும் சொன்னாள். எனக்கு ஒரு கிண்ணத்தில் தந்தாள். ஆறட்டும் என்று இன்னொரு சட்டியைப் புறவாசல் படியில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் உள்ளே போனாள்.

நான் அந்தச் சட்டியைத் திருடினேன். விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன், உப்பில்லை. வேலை மும்முரத்தில் அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அதே விரலை வீரன் வாயில் வைத்தேன். முதலில் சும்மா கிடந்தான். பிறகு நக்கினான். விருந்தாளிகள் ஊர் திரும்பும்வரை அந்தச் சட்டி தினமும் படியில் ஆறியது, நானும் தினமும் திருடினேன். வீட்டையே ஏமாற்றிவிட்ட பெருமை எனக்கு. சித்தப்பாவும் பிறகு குடல் பொதியைக் கொண்டுவரவில்லை.

நான் இப்போது மருந்து கலக்கும் படிப்பை முடித்து வேலையில் இருக்கிறேன். வீரன் கஞ்சியிலேயே வளர்ந்து, பன்றிகளை மலை ஏறும்வரை விரட்டி, வயதாகிச் செத்தான். பச்சைக்கறி தின்றிருந்தால் புலியையே விரட்டியிருப்பான் என்று சித்தப்பா இன்றும் சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ளப் போவதுமில்லை. நாய்க்கு உப்பு ஆகாது என்பார்கள். அன்று என் கிண்ணத்துக் கஞ்சியில் உப்பு சரியாக இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அம்மா எதிலும் உப்பை மறந்து நான் கண்டதில்லை.