மான்வாலுக்கு மஞ்சள் போட்ட கதை

1. பெயர் சுருங்கியது

ஐம்பத்தேழாவது வயதில் மீன்களை ஏமாற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் லுசேர்ண் நகருக்குப் பக்கத்தில், எம்மன்புரூக்கேயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு வயர் கட்டினேன். ஒருநாள் தொழிற்சாலை வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தது. என்னைக் கூட்டிப் போக மறந்துவிட்டது. வேலையற்றோர் அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான். "உங்கட வயசுக்கு..." என்று தொடங்கியவள் வசனத்தை முடிக்கவில்லை. அந்த முடியாத வசனத்தோடு எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். வெளியில் பகிடி விட்டாலும் உள்ளுக்குள் நன்றாகப் பயந்து போயிருந்தேன். கடைசியில் லுசேர்ணில் ஒரு தூண்டில் கடை மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு என்னைக் கூப்பிட்டது.

முதலாளி அம்ரைன், இங்கத்தை மரியாதைக்கு ஹெர் அம்ரைன், என் விண்ணப்பத்தை வாசித்தார். தில்லைநாதன் என்ற பெயரில் பாதி வழி போவதற்குள் களைத்துவிட்டார்.

"டில் எண்டு கூப்பிடட்டோ? எனக்கு லேசு."

டில் என்பது இந்த நாட்டில் மீனுக்கு மேலே தூவும் ஒரு கீரை. தூண்டில் கடைக்குப் பொருத்தமான பெயர்தான் என்று சிரித்து வைத்தேன். வேலை வேண்டுமே.

"டில், உனக்கு மீன்பிடி தெரியுமோ?"

"ஓம். நான் யாழ்ப்பாணம். சுத்திவரக் கடல்."

நான் பிறந்தது கடல் எட்டாத சுன்னாகத்தில். எனக்கும் கடலுக்கும் இருந்த உறவு சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி.

வேலை இதுதான். ஒரு கம்பி, அதில் சுழலும் ஒரு தகடு, அடியில் மூன்று முள் உள்ள தூண்டில். அந்தத் தூண்டிலைச் சுற்றி மான்வால் மயிரைக் கொத்துக் கொத்தாக வைத்து நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். இதற்குப் பெயர் பக்டெயில். தண்ணீரில் இழுக்கும்போது தகடு சுழலும், மயிர் அசையும், மீன் அதைச் சாப்பாடு என்று நினைத்துக் கவ்வும். மீனின் முட்டாள்தனத்தை நம்பி நடக்கும் தொழில். மான்மயிரின் அடிப்பக்கம் உள்ளே வெறுமையானது. அந்த இடத்தில் அழுத்திக் கட்டினால் சிலிர்த்து எழும்பிவிடும். என் முதல் பக்டெயில் சவரத் தூரிகை மாதிரி நின்றது. இரண்டாவது கிழமை, வயர் கட்டிய விரல்களுக்கு அதுவும் பிடிபட்டுவிட்டது.

2. மீன் கொடுக்கப்போகும் வேலை

மூன்றாவது மாதம் பிறந்த கையோடு ஒரு ஓய்வுபெற்ற பல் வைத்தியர் வந்தார். கடைக்கதவைத் திறந்துவிட்டுக் கையைத் துடைக்கிற ஆள். கனடாவுக்கு மஸ்கி பிடிக்கப் போகிறாராம். மஸ்கி எங்கள் ஏரியில் இல்லை. இங்குள்ள ஹெக்ட் மீனுக்குப் பெரியப்பா முறை. பத்தாயிரம் தரம் எறிந்தால் ஒன்று கடிக்கும் என்று பெருமையாகச் சொன்னார். கடித்ததைப் படமெடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுவார்களாம். குழம்புக்கு என்ன செய்வார்கள் என்று கேட்க வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

"மஞ்சள் நிறத்தில இருபது வேணும். சனிக்கிழமை பிளேன்."

"என்ரை டில் செய்வான்," என்றார் ஹெர் அம்ரைன். "நீங்கள் திரும்பி வந்து நல்லதெண்டு சொன்னா அவனுக்கு வேலை நிரந்தரம்."

கனடாவில் எனக்கு ஒன்பது சொந்தக்காரர் இருக்கிறார்கள். அவர்களால் ஆகாத காரியத்தை அங்குள்ள ஒரு மீன் செய்து தர வேண்டியிருந்தது.

புதன்கிழமை முதலாளி விடுமுறைக்குத் தெற்கே போனார். மான்வால்கள் எல்லாம் வெள்ளை. சாய டப்பாவைத் திறந்தால் தகரம் பளிச்சிட்டது. தொலைபேசி எடுத்தேன்.

"மஞ்சள் சாயம் முடிஞ்சுது."

"அட, ஓடர் பண்ண மறந்திட்டன். நீ கெட்டிக்காரன், டில். பார்த்துச் செய்."

அவருக்குப் பின்னால் யாரோ தண்ணீருக்குள் குதிக்கும் சத்தம் கேட்டது.

வால்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மஞ்சள் இல்லாத தமிழ் வீடு உண்டா? முதலாளி சொல்லித் தந்தபடி எண்ணெய்ப் பசை போகச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்தேன். அவசரத்தில் சரியாக அலசாமல் மஞ்சள்தூள் கரைத்த சட்டிக்குள் போட்டேன். கொஞ்ச நேரத்தில் என் மனைவி யோகேசின் குரல் குசினிக்குள் இருந்து வந்தது.

"இஞ்சாருங்கோ! என்ன இது, சட்டிக்குள்ள ஆரையும் வெட்டினீங்களோ?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். இரத்தச் சிவப்பு.

"மஞ்சள்தான் போட்டனான்."

"அதுக்கு முதல் என்ன போட்டனீங்கள்?"

"சோடா."

"சோடாவும் சுண்ணாம்பும் ஒரு சாதிதானே. ஊரில ஒரு கலியாண வீடு விடாமல் முதல் பந்தியில இருந்து சாப்பிட்டனீங்கள். ஆராத்தித் தண்ணி ஏன் சிவக்குதெண்டு ஒருநாளாவது யோசிச்சனீங்களோ?"

"அது குங்குமம் எண்டு நினைச்சன்."

"நினைப்பியள். தேசிக்காயை எடுத்து வெட்டுங்கோ."

பதினொரு தேசிக்காய் பிழிந்தோம். எலுமிச்சைப் புளி பட்ட இடமெல்லாம் சிவப்பு விலகி மஞ்சள் திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படித்தவன் நான். வெள்ளி மாலைக்குள் இருபதும் கட்டி வைத்தியரின் கையில் கொடுத்தேன். சட்டியை மட்டும் யோகேஸ் இன்றுவரை மன்னிக்கவில்லை.

3. சவர்க்காரம்

மூன்று கிழமை கழித்துப் பல் வைத்தியர் வந்தார். பையைத் திறந்து பக்டெயில்களை மேசையில் வரிசையாக வைத்தார். எல்லாம் சிவப்பு.

"நான் கேட்டது மஞ்சள்."

ஹெர் அம்ரைன் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மகள் வயதுப் பெண்ணின் முடியாத வசனம் காதுக்குள் கேட்டது.

"ஆறு நாள் எறிஞ்சன், ஒண்டுமில்லை," என்றார் வைத்தியர். "ஆறாம் நாள் பின்னேரம் எல்லாத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினன். கையெல்லாம் சிவப்பு. வெட்டிப்போட்டுதெண்டு பயந்திட்டன்."

தூண்டிலுக்குச் சவர்க்காரம் போடுகிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருப்பார். அவர் என் வாடிக்கையாளராக வந்தார். சவர்க்காரமும் சுண்ணாம்பின் சாதிதான்.

"வேறை இல்லையெண்டு அடுத்தநாள் இந்தச் சிவப்பை எறிஞ்சன். மூண்டாவது எறியில..." கைபேசியை நீட்டினார். அவர் இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கி வைத்திருந்த மீன், என்னைப் போலவே பேயறைந்த முகத்தோடு இருந்தது. "இன்னும் இருபது வேணும். இதே சிவப்பு."

ஹெர் அம்ரைனுக்கு ஒரு மூச்சு விடும் நேரம் போதுமாக இருந்தது. "அது எங்கட புது முறை, டொக்டர். தேவைக்கேற்ப நிறம் மாறும். மாதக்கணக்கா நாங்கள் பாடுபட்டுக் கண்டுபிடிச்சது."

அந்த 'நாங்கள்' என்பதில் நீச்சல் உடுப்போடு நின்றவர் யார், தேசிக்காய் பிழிந்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. வைத்தியர் போனதும் முதலாளி கிட்ட வந்தார்.

"டில், அதுக்குள்ள என்ன போட்டனி?"

என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு முதலாளியோடு பேரம் பேசினேன்.

"அது தொழில் இரகசியம், ஹெர் அம்ரைன். தற்காலிக ஆள் அதைக் கதைக்கக் கூடாது."

அன்று மாலையே நிரந்தர ஒப்பந்தம் மேசைக்கு வந்தது. பெயர் எழுதும் இடத்தில் 'டில்' என்று இருந்தது. தாளைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினேன்.

"என்ரை பெயர் இது இல்லை."

என் வதிவிட அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். "இப்ப வாசியுங்கோ," என்றேன். மூன்று தரம் சறுக்கினார். நாலாவது தரம், "தில்-லை-நா-தன்" என்று வந்தது. இருவரும் கையெழுத்து வைத்தோம்.

"இனிச் சொல்லு, தில்லைநாதன்."

"மஞ்சள்தூள். கறிக்குப் போடுறது."

அவர் கையெழுத்திட்ட தாளை இழுத்து விரலால் தடவிப் பார்த்தார். மை காய்ந்திருந்தது.

இந்த நாட்டில் தொழில் பழகும் பிள்ளைகளுக்கு நேரந்தவறாமை, பணிவு என்று எல்லாரும் நிறையச் சொல்லித் தருகிறார்கள். என் பங்குக்கு இவ்வளவுதான். நிறம் பிழைத்தால் தேசிக்காய் விட்டுத் திருத்தலாம். பெயர் பிழைத்தால் கையெழுத்து வைக்க முதல் திருத்துங்கள். அதற்குப் பிறகு எத்தனை தேசிக்காய் பிழிந்தாலும் டில் டில்தான்.