அறை வேண்டிப் பாடிய பாட்டு

அசைவன யாவற்றுள்ளும் அசையாது நிற்கும் அம்பலவாணனே, அடியேன் நினைவில் நின்று சொல்லைச் செம்மை செய்வாய்.

நண்பர்களே...

மழை ஓய்ந்த விடியலில் செம்மண்ணும் ஈரப்புல்லும் சேர்ந்து எழுப்பும் ஒரு மணம் உண்டு. ஜொகூர் பாருவுக்குச் சற்று வெளியே, குன்றின்மேல் இருந்த எங்கள் பல்கலைக்கழக விடுதியை நினைத்தால் அந்த மணந்தான் முதலில் வருகிறது. சன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து கட்டிலின் விளிம்பில் அமர்ந்துகொள்ளும். கீழே செம்பனைத் தோட்டம் பாதி கரைந்து கிடக்கும்...

அறையில் இருவர். நான் ரெங்கம் தோட்டத்துப் பிள்ளை. மற்றவன் கிளந்தானிலிருந்து வந்த ரொஸ்லான். விடியற்காலைச் சுபுஹ் தொழுகைக்கு அவன் எழும் வேளையில் நானும் எழுந்து வாளியோடு நீராடப் போவேன். அவன் தொழுது முடித்துப் பாயைச் சுருட்டும் வரை காத்திருப்பேன். பிறகு கிழக்கு நோக்கி அமர்ந்து, தாழ்ந்த குரலில் ஒரு பதிகம் பாடுவேன். இப்படிச் செய்வோம் என்று நாங்கள் பேசி வைத்துக்கொண்டதே இல்லை.

முதலாண்டு முடியும் தறுவாயில் அந்த அறைக்கே ஆபத்து வந்தது.

விடுதி நிகழ்ச்சிகளில் பங்கெடுத்தவர்க்கு 'மெரிட்' புள்ளி உண்டு. புள்ளி இல்லாதவர்க்கு மறு ஆண்டு அறை இல்லை. வெளியே வீடு எடுத்து, போய்வர மோட்டார் சைக்கிளும் வாங்குவது, செம்பனைக் குலை வெட்டும் என் தந்தையாரால் ஆகாத காரியம். அறை போனால் படிப்பும் போகும்.

பக்கத்துக் கட்டடத்தில் இருந்த குளுவாங் செல்வம் அண்ணன்தான் முதலில் எச்சரித்தார். எனக்கு ஓராண்டு மூத்தவர்.

"என்னடா சாமி, ஒம் பேர்ல மெரிட்டே இல்லியாம்? அடுத்த வருஷம் எங்க படுப்ப, பஸ் ஸ்டாப்லயா?"

"வெள்ளிக்கிழமை தவறாம கோயில்ல பாடுறேனேண்ணே..."

"சாமி குடுக்குற மெரிட்ட விடுதி ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்கடா!"

அன்று மாலை நான் முகம் வாடி இருந்ததைக் கண்டு ரொஸ்லான் காரணம் கேட்டான். சொன்னேன். அவன் மலாயில், "இதுக்கா இவ்ளோ கவலை? எங்க டிக்கிர் பாராட் குழுவுல ஒரு ஆள் குறையுது. நீதான் தினமும் பாடுறியே, வா!" என்றான்.

டிக்கிர் பாராட் கிளந்தான் மக்களின் கூட்டுப்பாட்டு. ஒருவர் முன்னின்று பாடுவார். மற்றவர் வரிசையாகச் சம்மணமிட்டு அமர்ந்து, கைதட்டி, உடலசைத்து, பின்பாட்டுப் பாடுவர். விடுதிகளுக்கிடையே போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

உணவுக்கூடத்தின் பின்னே இருந்த புல்வெளியில் அந்திவெயில் சாயும் நேரம் பயிற்சி. எல்லோரும் காற்றில் சாயும் லாலான் புல்லைப்போல் அசைவார்கள். நான் மட்டும் பழக்கதோஷத்தால் தொடையில் விரலெண்ணித் தாளமிட்டுக் கொண்டிருப்பேன்.

"அலமாக்! பாட வந்தியா, கணக்குப் பரீட்சை எழுத வந்தியா?" என்பான் ரொஸ்லான்.

எந்த நாளில் என்று தெரியவில்லை, விரல்கள் எண்ணுவதை விட்டன. வலப்பக்கத்தில் இருந்தவன் தோள் சாயும்போது என் தோளும் சாய்ந்தது. எது என் குரல், எது பிறர் குரல் என்று தெரியாத ஒரு மிதப்பு... கண்ணை மூடினால் திருக்கூட்டத்தின் நடுவே இருப்பதாகவே தோன்றும்.

போட்டியன்றும் அப்படித்தான் கண்ணை மூடினேன். பாட்டு ஏறி, ஏறி, ஒரே கைதட்டலில் நின்றது. தலைகுனிந்து மௌனமாக இருக்கவேண்டிய இடம். மண்டபமே மூச்சடக்கியிருந்தது.

பதிகம் நிறைந்ததும் ஒருவர் 'திருச்சிற்றம்பலம்' என்று சொல்ல, கூடியிருப்போர் அதைத் திருப்பிச் சொல்வது எங்கள் மரபு.

"திருச்சிற்றம்பலம்!" என்றது ஒரு குரல். என் குரல்தான்!

அத்தோடு போயிற்றா? கடைசி வரிசையிலிருந்து செல்வம் அண்ணனும் நம் தமிழ்ப் பிள்ளைகளும் யோசிக்காமலே முழங்கினார்கள்: "திருச்சிற்றம்பலம்!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. போட்டியிலிருந்து குழுவை விலக்கிவிட்டால் யாருக்கும் புள்ளி இல்லை. எனக்கு அறை இல்லை. தந்தையார் முகம் கண்முன் வந்தது.

நடுவராக இருந்த விடுதிக் காப்பாளர் ஒலிபெருக்கியை வாங்கி, அது என்ன சொல் என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் ரொஸ்லான் எழுந்துவிட்டான்.

"அர்த்தம் எனக்குத் தெரியாது, ஐயா. ஆனா இவன் தினமும் காலையில பாடி முடிச்சதும் அதச் சொல்லுவான். அது இல்லாம இவனுக்குப் பாட்டு முடியாது. இவன் எங்க குழு. அதனால எங்க பாட்டும் அப்படித்தான் முடியும்."

காப்பாளர் புன்னகைத்து, "சரி, உட்காருங்க. பாட்டு முடிஞ்சது," என்றார்.

பரிசு கிட்டவில்லை. புள்ளி கிட்டியது. அறையும் நிலைத்தது. அடுத்த இரண்டாண்டும் ரொஸ்லானோடுதான் இருந்தேன். போட்டியன்று மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அவனிடம், "ஏண்டா எனக்காகப் பேசின?" என்று கேட்டேன். "நீ போயிட்டா சுபுஹுக்கு என்னை யாரு எழுப்புவா? ஒன் வாளிச் சத்தத்துலதானே முழிக்கிறேன்," என்றான்!

என் இளைய மகள் இப்போது வேறொரு பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறாள். கைப்பேசியில் தொட்டாள், அறை கிடைத்தது. நல்ல காலம்; நம் பிள்ளைகளுக்கு அந்த அச்சம் வேண்டாம். அறைத்தோழி எப்படி என்று சென்ற வாரம் கேட்டேன். "நல்ல டைப்தான்ப்பா. ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டே இருப்பா. நானும்தான்... அதிகம் பேசினதில்ல," என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. எங்களுக்கும் பேச்சு அதிகமில்லை. ஆனால் ஒருவர் எழும் ஓசை மற்றவர் காதில் விழுந்துகொண்டிருந்தது...

இதைப் படித்த உங்களுக்கும் உங்கள் இல்லத்தார்க்கும், சபை நடுவே நா தடுமாறும் வேளையில் எழுந்து நிற்கும் ஒரு நல்ல துணையை ஈசன் அருள்வானாக. உங்கள் பிள்ளைகள் எங்கே தங்கினாலும் அவ்விடம் அவர்க்கு வீடாகுக.